தீர்ப்புச் சொல்லுமுன்

ஒன்று செத்துவிட்டது என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது எந்த அறிஞரின் நூலும் அன்று. ஒரு பழைய மடிக்கணினி.

திருச்சுழியிலிருந்து என் தம்பி மகள் அருப்புக்கோட்டையில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். பையிலிருந்து அதை எடுத்து என் முன் வைத்தாள். 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படித்தபோது அவளுக்குக் கிடைத்தது.

"உயிரே வரமாட்டேங்குது, பெரியப்பா. அம்மா படமெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு."

பொத்தானை இரண்டு முறை அழுத்தினேன். "இது செத்துப்போச்சும்மா, தூக்கிப் போடு" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் சுருக்கென்றது. நிலம் பங்கு பிரித்த நாளில் அவள் தகப்பனைப் பற்றியும் இதே குரலில்தானே தீர்ப்புச் சொன்னேன்? "இனி எனக்குத் தம்பி இல்லை" என்றவன், அவன் மனைவி இறந்த போதுகூட அந்த வாசலை மிதிக்கவில்லை.

கடைத்தெருவில் பழுது பார்க்கும் பையனிடம் போனோம். அவன் பொத்தானைத் தொடவே இல்லை. முதலில் மின்கம்பியைப் பிடுங்கினான், பாட்டரியைக் கழற்றினான். பிறகு, மின்சாரமே இல்லாத அந்தப் பெட்டியின் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தான்.

"இது என்னப்பா வேடிக்கை?" என்றேன்.

"பழைய கரண்டு கொஞ்சம் உள்ளேயே தங்கியிருக்கும், அண்ணாச்சி. அது இருக்கிறவரைக்கும் சில மெஷின் மயங்கினாப்புலயே கிடக்கும். அதை வடிய விட்டாத்தான் புதுசு ஏறும்."

அப்படியும் விளக்கு எரியவில்லை. நினைவகப் பட்டையை உருவி, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பரால் அதன் பித்தளை நிற விளிம்பைத் தேய்த்து மறுபடி செருகினான். "இதுக்கும் வரலேன்னா போர்டு போயிருக்கலாம். அப்பவும் ஹார்டு டிஸ்கைத் தனியாக் கழற்றி வேற மெஷின்ல போட்டுப் பார்க்கலாம். பெட்டி போனா படமும் போச்சுன்னு அர்த்தமில்லை" என்றான்.

போனது எது, இருப்பது எது? திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன் என்ற சிறுவன், 1896-இல் மதுரையில் ஒரு வீட்டு மாடியில் பிணம் போலப் படுத்து, சாவது எது என்று தன்னையே கேட்டான். பின்னாளில் ரமண மகரிஷியானான். எனக்கு அவ்வளவு பெரிய விசாரணைக்குத் தகுதியில்லை. ஆனால் விசாரிக்காமலே பிணம் என்று சொல்லும் அவசரமாவது எனக்கு இல்லாதிருந்திருக்கலாம்.

எங்கள் வறண்ட சீமையில் மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைப்பவர்கள் உண்டு. வெளியூரான் அந்த நிலத்தைப் பார்த்தால் செத்த பூமி என்பான். விதைத்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். எல்லா விதையும் முளைப்பதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். நம்பிக்கை என்பது கட்டாயம் முளைக்கும் என்று சாதிப்பது அன்று; பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று பொறுப்பதுதான்.

பையன் கம்பியைச் செருகினான். சிறு விசிறி ஒன்று இருமிக்கொண்டு சுழன்றது. திரையில் வெளிச்சம் வந்தது. சற்று நேரத்தில், ஒரு திருவிழாப் படத்தில், தம்பியின் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை விம்மினாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

இயந்திரத்துக்குப் போதுமானதாயிருந்த அரை நிமிஷம் மனிதனுக்குப் போதாது. எனக்குள் தங்கிய பழைய மின்சாரம் ஏழு வருஷத்தது. அதை வடிய விட வேண்டியவனும் நான்தான், தம்பி அல்லன்.

மறுநாள் காலை அவளோடு நானும் திருச்சுழி பஸ்ஸில் ஏறினேன். கதவு திறக்குமா என்பது எனக்குத் தெரியாது. தட்டிப் பார்க்காமல், திறக்காது என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது.