குதிரை மனமும் சூதின் மனமும்

சூதாட்டத்தைச் சமயங்கள் ஏன் விலக்கின என்று கேட்டால், அது பொருளை அழிக்கும் என்ற விடை எளிதில் கிடைத்துவிடுகிறது. ஆனால் கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்ட மலைகளிலும் அவற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழர் முன்னே அந்தக் கேள்வி இன்று வேறு வடிவில் நிற்கிறது. மலைநாட்டில் ‘ரேஸ்’ எனப்படும் குதிரைப் பந்தயம் ஆடுகிறவர் தம்மைச் சூதாடி என்று எண்ணுவதில்லை. ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களையும் படித்து, ‘டிப்ஸ்’ எனப்படும் வெற்றிக்குறிப்புகளை ஒப்பிட்டு, ஆராய்ந்தே பணம் கட்டுவதாக அவர் நம்புகிறார். அறிந்து கட்டும் பணமும் சூதுதானா என்பதே இங்கு எழும் கேள்வி.

இலங்கையில் கொழும்புப் பந்தயங்கள் 1956இல் நிறுத்தப்பட்டன. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில் குதிரைகள் ஓடினாலும், அவை தடையில்லாத சமதரையில் ஓடுபவை. புக்கி, அதாவது பந்தயப் பணத்தை வாங்கி வென்றவருக்குக் கொடுக்கும் கடை, நாளாந்தம் நம்பியிருப்பது பெரும்பாலும் பிரித்தானியப் பந்தயங்களையே. இக்கடைகள் 1988ஆம் ஆண்டின் பந்தய, சூதாட்ட வரிச் சட்டத்துக்கு உட்பட்டு இயங்குகின்றன. மார்ச் மாதத்தில் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் நான்கு நாட்களில் இருபத்தெட்டுப் பந்தயங்கள் நடைபெறுகின்றன. அங்கு பிற்பகல் 2 மணிக்கு ஓடும் குதிரைக்கு இங்கே இரவு 7.30 மணிக்கு மனங்கள் துடிக்கின்றன. அவை பெரும்பாலும் தடைதாண்டும் பந்தயங்கள்: மூன்றரை அடிக்குக் குறையாத தட்டிகளையோ, நாலரை அடிக்குக் குறையாத வேலிகளையோ தாண்டிக் குதிரைகள் மைல்கணக்கில் ஓட வேண்டும். 1752இல் அயர்லாந்தில் ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து இன்னொரு தேவாலயக் கோபுரத்தைக் குறிவைத்து, இடைப்பட்ட வேலிகளையும் பள்ளங்களையும் தாண்டி இருவர் குதிரையோட்டியதே இதன் தொடக்கம் என்று மரபாகச் சொல்லப்படுகிறது.

டிப்ஸ் தருபவர் பொய்யர் அல்லர். தரை ஈரமா காய்ந்ததா, குதிரை சுமக்கும் எடை எவ்வளவு, சவாரி செய்பவர் யார், சென்ற முறை எந்த வேலியில் அது தடுமாறியது என்று அவர் சொல்வதெல்லாம் உண்மையான அறிவே. இருந்தும் 1967இல் எயின்ட்ரீயில் ஓடிய கிராண்ட் நேஷனல் பந்தயத்தில், இருபத்துமூன்றாம் வேலியருகே சவாரியாளரை இழந்த ஒரு குதிரை குறுக்கே ஓட, முன்னே சென்ற குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி நின்றுவிட்டன. வெகுதூரம் பின்னே வந்த ஃபொய்னாவன், ஒன்றுக்கு நூறு கிடைக்கும் குதிரை, அந்தக் குழப்பத்தினூடே வழி கண்டு வென்றது. குதிரையை அறிந்தவர் எவரும் அந்த வேலியில் நிகழவிருந்ததை அறிந்திருக்கவில்லை.

இந்த வேறுபாட்டை நளன் கதை வியக்கத்தக்க தெளிவுடன் காட்டுகிறது. குதிரைகளின் மனத்தை அறியும் வித்தையில் நளனுக்கு நிகரானவர் இல்லை. ஆயினும் கலிபுருடன் பற்றிக்கொண்ட நிலையில் தன் உடன்பிறந்த புட்கரனிடம் நாட்டையே சூதில் தோற்றான். பின்னர் தேரோட்டியாக அயோத்தி மன்னன் இருதுபன்னனுடன் செல்லும் வழியில், மன்னன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த அளவிலேயே அதன் காய்களின் தொகையைச் சொல்ல, நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்து, அது பிழையற்றது என்று காண்கிறான். தான்றிக் காய்களே பழங்காலத்தில் சூதாடு காய்களாக இருந்தன என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். நளன் குதிரை வித்தையைக் கொடுத்து, சூதின் உள்ளத்தை அறியும் எண்ணறிவைப் பெறுகிறான். அந்த அறிவு உள்ளே நுழைந்த கணமே கலி அவன் உடலைவிட்டு வெளியேறுகிறான். ஆகவே குதிரையறிவு வேறு, சூதின் அறிவு வேறு. முன்னது முழுமையாக இருந்தும் நளனைக் காக்கவில்லை.

ரேஸ் கடையில் அந்த இரண்டாம் அறிவு மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறது. சமவலிமையுள்ள ஐந்து குதிரைகள் ஓடுவதாகவும், ஒவ்வொன்றுக்கும் கடை ‘ஒன்றுக்கு மூன்று’ என்று விலை வைப்பதாகவும் கொள்வோம். அதாவது 100 ரூபாய் கட்டினால், வென்றவருக்குக் கட்டிய பணத்தோடு 400 ரூபாய் திரும்பும். ஐந்து குதிரைகளின் மீதும் நூறு நூறாகக் கட்டினால் 500 ரூபாய் போய் 400 ரூபாய் வருகிறது. எந்தக் குதிரை வென்றாலும் 100 ரூபாய் கடையில் தங்கும். கடைக்காரருக்குக் குதிரையைப் பற்றிய கவலையே தேவையில்லை. நளனும் பின்னர் மீண்டும் சூதாடி நாட்டை மீட்டானே என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வி. ஆனால் அவன் புட்கரனுடன் நேருக்கு நேர் ஆடினான், நடுவில் நின்று ஒவ்வோர் உருட்டிலும் பங்கெடுக்கும் மூன்றாமவர் அங்கு இல்லை.

‘கிடைக்க வேண்டியது கிடைக்கும்’ என்று ஊழின் மேல் பாரத்தைப் போடுவது இன்னொரு வாதம். சைவ சித்தாந்தம் சொல்லும் பிராரத்தம், அதாவது முன்செய்த வினையில் இப்பிறவிக்கென முகந்துகொண்ட பங்கு, பொறுமையாக நுகர்ந்து கழிப்பதற்கு உரியது. சீட்டு வாங்கிச் சோதித்துப் பார்ப்பதற்கு உரியதன்று. ஊழுக்கு ஓர் அதிகாரம் தந்த வள்ளுவர் சூதுக்குத் தனி அதிகாரம் வைத்தார். கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே பொருட்பாலில் வைத்த அந்த அதிகாரத்தில், வெற்றியையே மீன் விழுங்கும் தூண்டிலுக்கு ஒப்பிட்டார். சிங்களக் கிராமத்து அயலவர் போற்றும் பாளி நூலான சிகாலோவாத சுத்தமும் சூதின் ஆறு கேடுகளில் முதலாவதாக, வென்றவன் பகையைச் சம்பாதிப்பதையே எண்ணுகிறது. குர்ஆன் சூதை மதுவோடு சேர்த்து விலக்குகிறது. தோல்வியை மட்டுமன்றி வெற்றியையும் இந்நூல்கள் ஐயுறுவது கூர்ந்து நோக்கத்தக்கது.

எனினும் மிகக் கடினமான கேள்வியை எழுப்பியவள் திரௌபதை. தருமன் தன்னைத் தோற்ற பின் என்னைப் பணயம் வைத்தானா, முன்னா என்று அவள் சபையில் கேட்டாள். வீடுமராலும் தெளிவாக விடை சொல்ல இயலவில்லை. பணயப் பொருள் யாருடையது என்பதே அவள் வழக்கு. தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தையும் கணவனே கைநீட்டி வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. தன் நாட்சம்பளத்துக்காக ஒரு பெண் மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுவதும் கொழுந்து பறிக்கிறாள். எத்தனை நுட்பமான குதிரையறிவும் அந்தப் பணத்தை ஆடவனின் பணயமாக மாற்றிவிடாது.

மலையகத்தில் ஆடப்படும் அருச்சுனன் தபசு, சூதில் தோற்றுக் காடேறியவர்களின் கதையிலிருந்து பிறந்த கூத்து. அருச்சுனன் கம்பமேறித் தவம் செய்வதைப் பார்க்க ஊரே கூடுகிறது. ஹேவாஹெட்டச் சுற்றுவட்டாரக் கோயில் குழுவினர் அந்தக் கூத்து நடக்கும் இரவில், கம்பம் ஏறுவதற்கு முன்பு, சபையில் திரௌபதை கேட்ட கேள்வியையும் ஒருவர் எழுந்து முழுமையாகச் சொல்லுமாறு ஏற்பாடு செய்ய வேண்டும்.