திருப்பிக் கேட்டால்தான்...

காதில் விழுந்தால் 'ஹியர்'. காது கொடுத்தால் 'லிசன்'. வினா எழுப்பினால் 'ஆஸ்க்'. சொன்னபடி நடந்தால் 'ஒபே'. இங்கிலீஷ்காரன் தனித்தனியாக வைத்திருக்கிறான். நாம் நாலையும் 'கேள்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். வார்த்தைப் பஞ்சமா என்ன?

மூன்று பாஷையும் புழங்கும் ஓசூரில் விசாரித்துப் பாருங்கள். தெலுங்கில் 'வினு' வேறு, 'அடுகு' வேறு. கன்னடத்தில் நம்மைப்போலவே, காதுக்கும் வாய்க்கும் ஒரே 'கேளு'.

அங்கே சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் இரைச்சல். சூப்பர்வைசர் ஏதோ கத்துகிறார். புதுப் பையனுக்குப் பாதிதான் காதில் விழுகிறது. "என்ன சார் சொன்னீங்க?" என்று கேட்கப் பயம். "சொன்னா கேக்க மாட்டியா, எதிர்க்கேள்வி வேறயா?" என்பாரே! தலையாட்டிவிட்டு மெஷினில் கை வைக்கிறான். விரல் போவது இப்படியும்தான்.

குறளில் 42-ஆம் அதிகாரம் 'கேள்வி'. அது காதால் கேட்டு அறிவதைப் பற்றியது. இன்று கேள்வி என்றால் வினா. இரண்டும் ஒரே சொல்லில் இருப்பது தற்செயலாகவே இருக்கட்டும். நமக்கு உபயோகமான தற்செயல். புரியாததைத் திருப்பிக் கேட்கிறவன் உங்களை மதிக்காதவன் இல்லை. நீங்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டவன்.

ஆபீசிலோ வீட்டிலோ யாராவது சட்டென்று தலையாட்டினால், "என்ன புரிஞ்சுது, சொல்லு" என்று நீங்களே ஒருமுறை கேளுங்கள். பிறகு பதிலையும் கேளுங்கள்.