மின்சாரம் இல்லாத சில அடிகள்

1
விருதுநகரில் பிரதான பாதையை விட்டுப் பிரிகிறது செங்கோட்டைத் தடம். சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி என்று மேற்கு மலையை நோக்கிப் போகும் இந்தப் பாதை 1927-இல் போடப்பட்டது. மதுரை–திருநெல்வேலி பாதைக்கு மின்கம்பி வந்து பல வருடம் கழித்துத்தான் இங்கே வந்தது. அதுவரை டீசல் எஞ்சின்தான் இழுத்தது. இப்போது கரிசல் காட்டுக்கு மேலே 25,000 வோல்ட் ஓடுகிறது. அதைச் சுமக்கும் செம்புக் கம்பி விரல் தடிமன்கூட இல்லை.

2
கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரே கம்பி முடிவில்லாமல் போவதுபோல் இருக்கும். உண்மையில் அது துண்டு துண்டானது. மின்வாரியம் தரும் மின்சாரம் மூன்று ஃபேஸ். ரயிலுக்கு வேண்டியது ஒன்று. எல்லா ரயில்களும் அந்த ஒரே ஃபேஸிலிருந்து இழுத்தால் மாநில மின்கட்டமைப்பில் சமநிலை கெடும். அதனால் ஒரு துணைமின் நிலையம் ஒரு ஃபேஸிலிருந்தும், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி அடுத்தது வேறொன்றிலிருந்தும் எடுக்கின்றன. இரண்டும் 25,000 வோல்ட்தான். ஆனாலும் தொட்டுக்கொண்டால் பெரும் தீப்பொறி எழும், கம்பியே அறுந்து விழலாம். ஆகவே நடுவில் மின்சாரமே இல்லாத ஒரு துண்டை வைத்திருக்கிறார்கள். நியூட்ரல் செக்‌ஷன் என்று பெயர். பழைய வகை 41 மீட்டர் நீளம். புதிய வகை சில மீட்டர்தான்.

3
நியூட்ரல் செக்‌ஷனுக்கு 500 மீட்டர் முன்னால் ஒரு பலகை, 250 மீட்டர் முன்னால் இன்னொன்று. லோகோ பைலட் டிஜேயைத் திறக்கிறார். எஞ்சினின் மெயின் சுவிட்சை அவர்கள் சொல்வது அப்படித்தான். மோட்டார் அடங்குகிறது. வண்டி ஏற்கெனவே எடுத்த வேகத்தில் கடந்துபோகிறது. அப்பால் போனதும் மறுபடி டிஜே போடுகிறார். சென்னை லோக்கல் வண்டிகளில் இந்த இடத்தில் விளக்கும் மின்விசிறியும் சில நொடி நின்று வரும். புதிதாக ஏறியவர் அண்ணாந்து பார்ப்பார். தினமும் போகிறவர் செல்போனை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

வேகம் இல்லாமல் வந்து அந்தத் துண்டுக்கு அடியில் நின்றுவிட்டால் சிக்கல்தான். கடப்பதற்கு வேண்டியதை முன்பே சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

4
சென்னை கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியபோது கம்பியில் இருந்தது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். அறுபதுகளில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றினார்கள். மும்பையில் 1925-இல் வந்த நேர்மின்சாரம் அதைவிட வெகுகாலம் நீடித்தது. அங்கே மாற்றம் பகுதி பகுதியாக நடந்ததால், இரண்டு முறையிலும் ஓடும் வண்டிகள் தேவைப்பட்டன. இடையில் இருந்த வெற்றுத் துண்டில் அந்த வண்டி சுவிட்சைத் திறந்துகொண்டு, அடுத்து வரும் கம்பியில் என்ன இருக்கிறது என்று அறிந்து, அதற்கேற்பத் தன் உள்ளிணைப்பை மாற்றிக்கொள்ளும். 25,000 என்றால் டிரான்ஸ்பார்மர் வழியே, 1,500 என்றால் அது இல்லாமல் நேராக. தாராவித் தமிழர்கள் ஏறும் சயான் வழித்தடத்தில் 2015-இலும், ஹார்பர் தடத்தில் 2016-இலும் நேர்மின்சாரம் விடைபெற்றது.

5
செங்கோட்டைத் தடத்தில் உள்ள சிவகாசியின் பட்டாசுத் தொழிற்சாலைக்குள்ளும் இதே இடைவெளிப் பாடம்தான். ஒரே பெரிய கட்டடமாக எதுவும் கிடையாது. சின்னச் சின்ன அறைகள். அறைக்கும் அறைக்கும் நடுவே சட்டம் கேட்கும் வெற்று நிலம். ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று வரம்பு. மருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் உள்ள உலோகத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும் என்பது இந்த ஊருக்கு மனப்பாடம்.

வெளியூர்க்காரருக்கு அந்த வெற்று நிலம் வீணாகக் கிடப்பதாகத் தோன்றும். சீசன் நெருக்கடியில் மரத்தடியிலும் ஆட்களை உட்கார்த்தி வேலை வாங்குவதும், நாலு பேர் அறையில் எட்டுப் பேரைத் திணிப்பதும் அந்த எண்ணத்தில்தான். ஓர் அறையோடு நிற்க வேண்டிய தீ அடுத்ததற்குத் தாவுவது இப்படித்தான். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள்.

6
இடைவெளி என்பது வேலை நடக்காத இடம் அல்ல. ரயில் கம்பியிலும் பட்டாசு அறைகளுக்கு நடுவிலும் அதுதான் ஓயாமல் வேலை செய்கிறது. அதைத் தேவைக்குக் கீழே சுருக்கி மிச்சம் பிடிக்கப் பார்த்தால் ஆபத்துதான்.

7
ரயிலுக்கும் பட்டாசுக்கும் நடுவேகூட அப்படி ஓர் இடைவெளியைச் சட்டம் வைத்திருக்கிறது. சிவகாசி ஸ்டேஷனில் எந்த வண்டியிலும் ஒரு மத்தாப்புப் பெட்டியைக்கூட எடுத்துக்கொண்டு ஏறக் கூடாது. 1989-ஆம் வருட ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவில் அதற்கு மூன்று வருடம் வரை சிறை. தீபாவளிக்கு இங்கே வந்து வாங்குகிறவர்கள், பட்டாசோடு ரயில் ஏறாதீர்கள்.