காதில் பேசும் குரலும் ஈம் கிராமத்துக் கல்லறைகளும்



இங்கிலாந்தில் டார்பிஷயர் பகுதியின் மலைச்சரிவில் ஈம் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும் விதம் வேறு, உச்சரிப்பு ஈம்தான். நம் தமிழ்க் காதுக்கு ஈமக் கிரியை நினைவுக்கு வரும். தற்செயலான ஒற்றுமைதான். ஆனால் அந்த ஊர் உலகுக்குத் தெரிந்திருப்பதே அதன் சாவுகளால் என்பதை எண்ணும்போது மனம் திடுக்கிடாமலில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஷெபீல்டு நகரில் நண்பரான ஒரு குருவானவருடன் தங்கியிருந்தபோது அங்கே போய் வந்தேன். ஊரைச் சுற்றிக் காட்ட ஆள் தேவைப்படவில்லை. செல்போனில் அதற்கென்று ஒரு செயலி உண்டு. நாம் நிற்கும் இடத்தைச் செயற்கைக் கோள்களின் உதவியால் அறிந்துகொண்டு, ஒரு வீட்டை நெருங்கியதும் அந்த வீட்டின் கதையைக் காதுக்குள் சொல்லத் தொடங்கிவிடுகிறது. கால் வலித்தால் நிறுத்திக்கொள்ளலாம், கேட்டது போதுமென்றால் தாண்டிப் போகலாம். வசதிதான், மறுக்கவில்லை. அந்தக் குரலைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

கதை இது. 1665-ம் வருஷம் லண்டனில் கொள்ளைநோய் தலைவிரித்தாடிய காலத்தில், ஈம் ஊர்த் தையற்காரர் ஒருவர் வீட்டுக்கு அங்கிருந்து ஒரு துணிப்பொதி வந்தது. அதைப் பிரித்து உலர்த்திய வேலையாள் ஜார்ஜ் விக்கர்ஸ் செப்டம்பர் 7-ந் தேதி இறந்தான். துணியில் வந்த தெள்ளுப்பூச்சிகளே நோயைக் கொண்டுவந்தன என்பர். குளிர்காலத்தில் சற்றே தணிந்த நோய் மறு வருஷக் கோடையில் பன்மடங்காகத் திரும்பியது. ஆங்கிலிக்கன் சபையின் குருவான வில்லியம் மாம்பெசனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. தமக்கு முன் அங்கே ஊழியம் செய்து விலக்கப்பட்ட பியூரிட்டன் போதகர் தாமஸ் ஸ்டான்லியுடன் அவர் கைகோத்தார். வழிபாட்டில் எதிரெதிர் நின்ற இருவரும் ஒன்று கூடியது சின்னக் காரியமல்ல. ஊரை விட்டு ஒருவரும் வெளியேறுவதில்லை, ஆராதனை கோவிலுக்குள் அல்ல, திறந்த பள்ளத்தாக்கில் நடக்கும், இறந்தவர்களை அவரவர் குடும்பத்தாரே அடக்கம் செய்ய வேண்டும் என்று 1666-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஏற்பாடாயிற்று. டெவன்ஷயர் பிரபு உணவு அனுப்பினார். எல்லைக் கல்லில் குழிகள் தோண்டி, காடி ஊற்றி, அதில் காசைப் போட்டு வைத்து வெளியூராரிடம் பண்டம் வாங்கினார்கள். அந்தக் குழிகளில் நீங்கள் இன்றும் விரல் விட்டுப் பார்க்கலாம். நவம்பர் முதல் தேதி நோய் ஓய்ந்தபோது 260 பேர் போயிருந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு.

குரல் இதைச் சொல்லிவிட்டு, அயலூரைக் காக்க ஊரார் அனைவரும் மனமொத்துத் தங்களைப் பலியாக்கிய வீரர்கள் என்று முடித்தது. அடுத்த வீட்டுக்கு நடக்கச் சொன்னது. நான் நடக்கவில்லை.

ஏனென்றால் அது சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஊரை அடைப்பதற்கு முன்பே மாம்பெசன் தம் இரு குழந்தைகளை யார்க்ஷயருக்கு அனுப்பிவிட்டார். வசதியுள்ளோர் சிலரும் முன்பே போய்விட்டார்கள். போக இடமில்லாதவர்கள் தங்கினார்கள். வாசகரே, மாம்பெசனைக் குறை சொல்ல எனக்கு நாவெழவில்லை. பெற்ற மனம் அது. நானாயிருந்தால் வேறு விதமாய்ச் செய்திருப்பேன் என்று சொல்லத் துணியேன். ஆனால் பிறர் பிள்ளைகள் இருக்கட்டும், என் பிள்ளைகள் போகட்டும் என்றிருந்ததை மறைத்துவிட்டு 'அனைவரும் மனமொத்து' என்று சொல்லலாமா?

போக்கிடம் இல்லாதவன் தங்கியது தியாகமா? இதுதான் கேள்வி.

குருமடத்தில் நாங்கள் அரிஸ்டாட்டிலின் ஓர் உதாரணத்தை வைத்து வாதாடியதுண்டு. புயலில் கப்பல் மூழ்கப் போகிறது. வணிகன் தன் சரக்கைத் தன் கையாலேயே கடலில் எறிகிறான். மனமுவந்தா எறிந்தான்? நல்ல வானிலையில் எவனும் எறியமாட்டான். ஆனாலும் அவன் கைதான் எறிந்தது. கட்டாயமும் சம்மதமும் ஒரே செயலில் கலந்து கிடக்கின்றன. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்பவன் பாதி உண்மையே சொல்கிறான்.

ஈமில் இரண்டு பெண்களைப் பாருங்கள். மாம்பெசனின் மனைவி கேத்தரின் குழந்தைகளோடு போயிருக்கலாம். கணவர் போகச் சொல்லியும் மறுத்துத் தங்கினார். 1666 ஆகஸ்டு 25-ந் தேதி இறந்தார். கோவில் முற்றத்தில் அவருக்குக் கல்லறை உண்டு. அவர் தங்கியது அவருடைய செயல், அதில் சந்தேகமில்லை. மற்றவர் எலிசபெத் ஹான்காக். ஊருக்கு வெளியே ரைலி என்ற பண்ணையில் வாழ்ந்தவர். அதே ஆகஸ்டில் எட்டு நாட்களுக்குள் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தம் கையாலேயே குழிதோண்டிப் புதைத்தார். அவர் சம்மதித்தாரா என்று நாம் அறிய வழியில்லை. அவர் சொன்ன ஒரு வார்த்தைகூட மிஞ்சவில்லை. ஊரின் வரலாற்றை வில்லியம் வுட் புத்தகமாக்கியது 1842-ல். அதற்குள் நூற்றெழுபத்தைந்து வருஷங்கள் ஓடிவிட்டன.

வெளியே போகும் வழி அவருக்கு அடைபட்டிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள் வேறொரு வழி திறந்தேயிருந்தது: பிரேதங்களைக் கிடந்தபடி விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் எழுந்து ஏழு தடவை மண்வெட்டி எடுத்தார். ஊருக்காக அவர் தங்கினாரோ இல்லையோ, அந்த ஏழு குழிகளை எவரும் அவர்மேல் சுமத்தி வாங்கியிருக்க முடியாது. என் எண்ணத்தில் அவர் செயல் கேத்தரினுடைய செயலுக்குக் குறைந்ததல்ல. ஆனால் வேறு வகையானது. இருவரையும் 'வீரர்' என்ற ஒரே போர்வையால் மூடினால் இருவரையுமே காணாமற் போக்கிவிடுகிறோம்.

செயலியின் மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டு நிமிஷத்தில் முடிக்க வேண்டியிருக்கிறது, பாவம். ஊரிலே வீடுகளுக்கு முன் பச்சைப் பலகைகளில் இறந்தோர் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். அவை தீர்ப்புச் சொல்வதில்லை, பெயர்களை மட்டும் சொல்கின்றன. குரல் அடுத்த வீட்டைக் கூப்பிடும்போதும் ஒரு பலகை முழுவதையும் வாசித்து முடிக்க நமக்கு நேரமுண்டு.

ரைலிக்கு ஏறும் பாதையில் நான் குரலை நிறுத்திவிட்டேன். வயல் நடுவே தாழ்ந்த கல்மதில் வட்டமாய் நிற்கிறது. உள்ளே ஹான்காக் குடும்பத்தார் ஏழு பேருடைய நினைவுக் கற்கள். அவர்களைப் புதைத்தவர் அங்கே இல்லை. அவர் பின்பு ஷெபீல்டில் தொழில் கற்றுக்கொண்டிருந்த மகனிடம் போய்விட்டார் என்று சொல்கிறார்கள்.