விபத்தும் தீர்ப்பும்

விமானம் ஒன்று தரையிறங்கும் வேளையில் நொறுங்கியது என்னும் செய்தி வந்த மறுகணமே, அதன் காரணத்தை முற்றும் உணர்ந்துவிட்ட மனிதர் சிலர் நம்மிடையே தோன்றிவிடுகிறார்கள். மரக்கறி லொறிகள் புறப்படும் எமது வெலிமடைக் கடைத்தெருவில்கூட அத்தகையோர் உண்டு. நம்மிடம் பயின்ற மாணாக்கன் ஒருவன், உருளைக்கிழங்குப் பாத்தியின் நடுவே நின்றுகொண்டு, தலைக்கு மேலே செல்லும் விமானம் எந்த நாட்டினது, எந்த வகையினது, எங்கே போகிறது என்பதைக் கைத்தொலைபேசியைப் பார்த்துச் சொல்லிவிடுவான். விமானம் ஏறியறியாத பிள்ளை. அவனுடைய ஆர்வத்தை நாம் ஒருநாளும் ஏளனம் செய்ததில்லை. லயத்து வாசலிற் பிறந்தவன் வானத்தையும் தன் உடைமையாகக் கருதுவது நல்லதன்றோ?

ஆனால் 2020 ஆகஸ்ட் 7ஆம் நாள் கோழிக்கோட்டில் நிகழ்ந்த விபத்து நம்மைச் சிந்திக்க வைத்தது. துபாயிலிருந்து 190 பேருடன் வந்த விமானம், மழையில், குன்றின்மேல் அமைந்த ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்து பிளந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் மாண்டனர். பெருந்தொற்றுக் காலம் அது. ஆயினும் கொண்டோட்டி மக்கள் நோய்க்கு அஞ்சாது ஓடிவந்து, சிதைவினுள் கிடந்தோரைக் கைகளில் ஏந்திச் சென்றனர். அதே இரவில், ஆயிரம் காதத்துக்கு அப்பால் நாற்காலிகளில் அமர்ந்திருந்தோர் விசாரணையையும் முடித்துத் தீர்ப்பையும் வழங்கிக்கொண்டிருந்தனர். சக்கரங்கள் இறங்கவில்லை, எரிபொருளைத் தீர்ப்பதற்காக மும்முறை வட்டமிட்டுப் பயணிகளைக் காத்தார் என்று ஒரு சாரார் விமானியைத் தெய்வமாக்கினர். மற்றொரு சாரார் அவரைப் பாவியாக்கினர். நம் மாணாக்கன் காலையில் ஒரு தீர்ப்பையும் மாலையில் மற்றொன்றையும் கொண்டுவந்தான்.

விசாரணை அறிக்கை 2021 செப்டெம்பரில் வெளியாயிற்று. சக்கரங்களில் குறை எதுவும் இருக்கவில்லை. ஓடுபாதையின் பாதியளவு கடந்த பின்னரே விமானம் தரையைத் தொட்டது. மீண்டும் மேலெழும்பியிருக்க வேண்டிய தறுவாயில் எழும்பவில்லை. விமானி விதிமுறையைப் பின்பற்றாமையே முதற்காரணம் என்று அறிக்கை கூறியது. பாவி என்றோர் இங்கேயே வாசிப்பை நிறுத்திக்கொண்டார்கள் போலும்! அறிக்கையோ அத்தோடு நிற்கவில்லை. கண்ணாடியில் வழியும் மழையைத் துடைக்கும் கருவி முதல் முயற்சியின்போதே நின்றுபோயிற்று. மறுநாட் காலை இன்னொரு விமானத்தை அவரே செலுத்த வேண்டியிருந்தது. அந்த ஊரில் தலைமை விமானிகள் போதிய தொகையில் இல்லை. அதற்கு நிறுவனத்தின் ஆட்கொள்கையே காரணம் என்றும் அது எழுதியது. பிழை செய்தவர் ஒருவர். அந்தப் பிழையின் வாசல்வரை அவரைத் தள்ளிக்கொண்டு வந்த கைகள் எத்தனை?

இக்கதை மலையகத்தவராகிய நமக்குப் புதிதன்று. தொழிலாளரை ஏற்றிய லொறி வளைவிலே கவிழ்கிறது. பள்ளத்திலிருந்து உடல்களை மேலே தூக்குமுன்பே, ‘சாரதி குடித்திருந்தான்’ என்னும் சொல் கடைத்தெருவை எட்டிவிடும். பிரேக் தேய்ந்து எத்தனை மாதம், மாடுகளை ஏற்றும் லொறியில் மனிதரை ஏற்றச் சொன்னவர் யார் என்று கேட்போர் அருமை. செத்தவன் மறுத்துரைக்க மாட்டான். அவன்மேல் சுமத்தும் பழிக்குச் செலவும் இல்லை.

நம் மலைகளிலேயே ஒரு விமானம் விழுந்ததை இளையோர் பலர் அறியார். 1974 டிசம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர் 182 பேரையும் பணியாளர் ஒன்பதின்மரையும் ஏற்றிவந்த மார்ட்டினேர் நிறுவனத்தின் டிசி-8 விமானம், கட்டுநாயக்கவில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்தபோது, நோர்ட்டன்பிரிட்ஜ் அருகேயுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மோதிய இடம் 4,300 அடிக்கு மேலானது. கட்டுப்பாட்டு நிலையம் 2,000 அடிவரை இறங்க அனுமதி வழங்கியிருந்தது. விமான நிலையம் இன்னும் ஏறக்குறைய நாற்பது மைலுக்கு அப்பால் இருந்தது. தாம் நிற்கும் இடத்தை விமானிகள் பிழையாகக் கணித்தனர் என்றும், டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பியிருந்தமை அத்தவறுக்கு இடமளித்தது என்றும் விசாரணை முடிவு கூறியது. கடந்துவந்த தூரத்தைத் தானே கணக்கிட்டுச் சொல்வது டொப்ளர் கருவி. நெடுங்கடலைக் கடக்கையில் சிறு பிழைகள் அதிலே சேர்ந்துகொண்டே வரும்.

எம் பள்ளியில் முன்னர் பணியாற்றிய மூத்த ஆசிரியர் ஒருவர் அக்காலத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் சிறுவன். மறுநாள் மலையேறித் திரும்பிய தம் தந்தை மூன்று நாள் சோறு உண்ணவில்லை என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். என்ன கண்டார் என்பதைத் தந்தை மகனிடம் சொல்லவேயில்லையாம்.

நான்கு ஆண்டுகள் கழிந்து, 1978 நவம்பர் 15இல், ஹஜ் முடித்துத் திரும்பிய இந்தோனேசியரை ஏற்றிவந்த ஐஸ்லாந்து விமானமொன்று கட்டுநாயக்க ஓடுபாதைக்குச் சற்று முன்னதாகத் தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் மாண்டனர். உயரத்தைச் சரிபாராது விமானிகள் தவறினர் என்றது இலங்கைத் தரப்பு. தரையிலிருந்து வழிகாட்டும் கருவியே பழுதென்றது ஐஸ்லாந்துத் தரப்பு. ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தோரே ஒத்துப்போகாத இடத்தில், ஓரிரவில் முடிவு கண்டவரை என்னென்பது!

அப்படியானால் காரணத்தைத் தேடவே கூடாதா என்று வாசகர் வினவலாம். தேடத்தான் வேண்டும். ‘விதி’ என்று சொல்லி மாரடித்துவிட்டு அடங்கியிருந்தால் இன்றும் விமானங்கள் மலைகளில் மோதிக்கொண்டே இருக்கும். நிலம் நெருங்கும்போது எச்சரிக்கும் கருவி, இத்தகைய விபத்துகளை ஆராய்ந்ததன் பயனாகவே விமானங்களில் இடம்பெற்றது. நாம் ஐயுறுவது தேடலை அன்று. தேடலின் பெயரால் வரும் ஒருவகை இன்பத்தை. ‘நான் அப்போதே சொன்னேன்’ என்பதில் உள்ள இன்பம் அது. அதை நாமும் சுவைத்திருக்கிறோம். கோழிக்கோட்டுச் செய்தி வந்த இரவு, ஆசிரிய நண்பர்களோடு பேசியபோது, ஓடுபாதையின் நீளத்தைச் சொல்லி நாமும் ஒரு தீர்ப்பு வழங்கினோம். பிறர் தலையசைத்தபோது மனம் மகிழ்ந்தது. அவ்வேளையில் அங்கே ஒரு குழந்தையைப் பெற்றோர் தேடிக்கொண்டிருந்திருக்கலாம் என்னும் நினைவு நமக்கு எழவில்லை.

இவ்வாண்டு நம் மாணாக்கன் 1974ஆம் ஆண்டு விபத்தைப் பற்றித் திரட்டிய குறிப்புகளைக் கொண்டுவந்து காட்டினான். விமானத்தின் பதிவெண், எஞ்சின் வகை, இறங்கிய வேகம் எல்லாம் அதிலே இருந்தன. ‘வந்தவர்கள் யார்?’ என்று கேட்டோம். ‘யாத்திரிகர், சேர்’ என்றான். ‘என்ன தொழில் செய்தவர்கள்? மக்காவுக்குப் போக எத்தனை வருடம் காசு சேர்த்திருப்பார்கள்?’ பதில் இல்லை. நமக்கும் அது தெரியாது.

சென்ற விடுமுறையில் அவன் நோர்ட்டன்பிரிட்ஜ் சென்று அங்குள்ள நினைவுச் சின்னத்தைப் பார்த்து வந்தான். மலையைப் பனி மூடியிருந்ததாகவும், இரண்டு மணி நேரம் நின்றும் முகடு தெரியவில்லை என்றும் சொன்னான். பின்னர் வகுப்பறைச் சுவரிலிருந்த தேசப்படத்தின் முன் நின்று, சுராபாயாவுக்கும் நமக்கும் இடையிலுள்ள கடலை விரலால் அளந்துகொண்டிருந்தான்.