நிகழ்தகவும் ஐயமும்

அமெரிக்க நாட்டு வானிலைத் துறையார் 1965 முதலாக மழை வரவினை நூற்றுமானமாக அறிவித்து வருகின்றனர். ‘நாளை மழை பெய்தற்கு நிகழ்தகவு நூற்றுக்கு 70’ என அவர் கூற, மறுநாள் வானம் வெளுத்திருப்பின், அக்கூற்றுப் பொய்யாமோ?

பொய்யென்பாரே பலர். அவர் கூற்றின் பொருளை நோக்கிலர். 70 என்றார் 30ஐயும் உடன் கூறினாராதலின், பெய்யாமையும் அதனுள் அடங்கிற்று. குற்றியோ மகனோ என்று இருபாலும் ஊசலாடுதலை அளவை நூலார் ஐயம் என விலக்குவர். நிகழ்தகவு அவ்வாறு ஊசலாடுவதன்று. இத்துணையே அறிந்தேன் எனத் தன் அறியாமையையும் அளந்து கூறுந் துணிபாம்.

அற்றேல், பெய்யினும் மெய், பெய்யாவிடினும் மெய் எனப்படுங் கூற்றாற் பயன் என்னை என்று கடாவலாம். இக்கடா வலியுடைத்து. ஒரு நாளைக்கொண்டு அதனை விலக்கல் இயலாது. 70 என்ற நாள்களையெல்லாம் திரட்டியே நோக்கல் வேண்டும். இதற்குக் கிளென் பிரையர் என்னும் வானிலை நூலார் 1950இல் ஓர் அளவை வகுத்தார். மழை பெய்யின் 1, பெய்யாவிடின் 0 எனக்கொண்டு, கூறிய பின்னத்திற்கும் அதற்குமுள்ள வேற்றுமையைத் தன்னாற் பெருக்கிக் குற்றமாக எண்ணுதலே அது. 10 நாள்களில் 7 நாள் பெய்ததென்க. நாடோறும் 0.7 என்றவன் குற்றம் 2.1. பாதியென்றே கூறி நழுவியவன் குற்றம் 2.5. ஒருதலையாகப் பெய்யும் என்று அறைந்தவன் குற்றம் 3. அறியாததை அறிந்தேனென்றவன் நழுவியவனுக்கும் பின்னிடுதல் காண்க. ஊரார் நம்புவது அவனையே என்பது வேறு.

இச்சோதனைதானும் ஐயமற்றதோவெனின், அன்று. நன்கு கணித்தவனுக்கும் 7 நாள் 6 ஆதலும் 8 ஆதலும் உண்டு. நாள்கள் பெருகுந்தோறும் விகிதத்தில் இவ்வேறுபாடு மிகுதற்கு இடஞ் சுருங்குமென்பதை ஜேக்கப் பெர்னூலி நிறுவினார். அவர் நூல் அவர் மறைந்தபின் 1713இல் வெளிவந்தது. சுருங்குமன்றி அறவே ஒழியாது.

இதனினும் நுண்ணிய ஐயம் பிறிதொன்றுண்டு. ஆயிரமுறை சுண்டி ஆராய்ந்த காசுக்கும், கண்டறியாத காசுக்கும் பாதியென்றே கூறுகின்றோம். எண் ஒன்றே, அதனைத் தாங்குஞ் சான்று ஒன்றன்று. கெயின்ஸ் 1921இல் வெளியிட்ட நிகழ்தகவு நூலில் இதனைச் சான்றின் எடையென வேறு பிரித்து ஆராய்ந்தார். அறுவை செய்துகொள்ளலாமோ என வினவும் நோயாளிக்குப் ‘பாதிப்பேர் பிழைப்பர்’ என்னும் மருத்துவன், அது பதினாயிரவரைக் கண்டு கூறியதோ நால்வரைக் கண்டு கூறியதோ என்பதனை உரையானாயின், அவ்வேழை உடன்படுவதும் மறுப்பதும் எதனைப் பற்றி?