யார் செய்த பாவமும் அல்ல



இன்றைய நற்செய்தியில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும் சீடர்கள் கேட்ட முதல் கேள்வி, பாவம் செய்தது இவரா, இவரைப் பெற்றவர்களா என்பதுதான். இருவருமே இல்லை என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். ஆனாலும் அந்தக் கேள்வியை நாம் இன்னும் விட்டபாடில்லை.

மறையுரை நேரத்தில் ஒரு சிறுவன் பெஞ்சுக்கு அடியில் நுழைகிறான். எழுந்து அந்தோணியார் சுரூபத்தை நோக்கி ஓடுகிறான், மெழுகுதிரியைத் தொடுகிறான். நான்கு வரிசை திரும்பிப் பார்க்கிறது. "பிள்ளை வளர்த்த லட்சணத்தைப் பாரு" என்று யாரோ முணுமுணுக்கிறார்கள். அவன் தாய் நற்கருணை வாங்காமலேயே அவனைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறார். அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பம் திருப்பலிக்கு வருவதில்லை.

எல்லாச் சேட்டையும் நோயாகிவிடாது. ஆனால் வயதுக்கு மீறிய கவனச் சிதறலும் துறுதுறுப்பும் அவசரமும், வீட்டிலும் பள்ளியிலும் ஒருசேர, ஆறு மாதத்துக்கும் மேலாக நீடித்துப் படிப்பையும் பழக்கத்தையும் கெடுத்தால், அது கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடாக இருக்கலாம். மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்பார்கள். மூளை வளர்ச்சியில் வரும் வேறுபாடு இது. பெரும்பாலும் மரபுவழி வருவது. தாயின் வளர்ப்பும் இதற்குக் காரணமில்லை, செய்வினையும் காரணமில்லை. "அடியாத மாடு படியாது" என்று பிரம்பை எடுத்தால் பிள்ளையின் மனம்தான் உடையும்.

ஆண்டவர் அந்த மனிதருக்கு என்ன செய்தார்? மண்ணைக் குழைத்துக் கண்களில் பூசி, சிலோவாம் குளத்துக்குப் போய்க் கழுவச் சொன்னார். வல்லமை ஆண்டவருடையது, ஆனாலும் குளம்வரை அந்த மனிதர் நடந்துபோக வேண்டியிருந்தது. மருத்துவரையும் மருந்தையும் மதிக்கும்படி சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரமும் கற்பிக்கிறது. வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், மருத்துவரிடமும் போங்கள்.

ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முதல் சிகிச்சை, பெற்றோருக்குத் தரும் பயிற்சி. ஒரு நேரத்தில் ஒரே வேலையை, முகம் பார்த்து, சுருக்கமாகச் சொல்ல வேண்டும். செய்தவுடன் பாராட்ட வேண்டும். வீட்டுப்பாடத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துத் தர வேண்டும். தூங்கும் நேரத்தை மாற்றக்கூடாது. ஆறு வயதுக்கு மேல் இவற்றோடு மருந்தும் சேரலாம். மெத்தில்பெனிடேட் என்ற மாத்திரை பிள்ளையைத் தூங்கவைத்து அடக்குவதற்கானதன்று. கவனத்தை நிலைநிறுத்த உதவுவது. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். அதனால்தான் எடை, உயரம், இரத்த அழுத்தம் பார்த்து மருத்துவர் அளவைச் சரிசெய்கிறார். நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். அமெரிக்காவில் 579 குழந்தைகளை 14 மாதம் கவனித்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், முறையாகக் கண்காணித்துத் தந்த மருந்து நல்ல பலன் தந்தது. பயிற்சியும் சேர்ந்த குழந்தைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாயிற்று.

செலவை நினைத்துத் தயங்கவும் வேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் இந்தக் குறைபாடும் இருக்கிறது. அதன்கீழ் மாவட்ட அளவில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

மறைக்கல்வி ஆசிரியர்களே, அப்படிப்பட்ட பிள்ளையை முன்வரிசையில் அமர்த்துங்கள். நோட்டுகளை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை அவனிடம் விடுங்கள். அன்பியத் தலைவர்களே, இப்படிப்பட்ட குடும்பத்தைத் தேடிப்போய்ப் பேசுங்கள். மருத்துவமனைக்குத் துணையாகப் போங்கள். குழந்தைகளைத் தம்மிடம் வரவிடாமல் தடுத்த சீடர்கள்மீது ஆண்டவர் கோபம் கொண்டார் என்பதை நாம் மறக்க வேண்டாம். பெற்றோரே, உங்கள்மேல் குற்றம் இல்லை. இந்த வாரமே பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்காக இந்தப் பங்கு முழுவதும் செபிக்கட்டும். ஆமென்.